உப்பு மூட்டையும் ஒரு பழைய ஸ்கூட்டரும்

1. கோம்பை ரோட்டில்

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கோம்பை மினி பஸ்ஸின் கண்டக்டர் என் ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கி நின்றார்.

"பாய், நீங்க பெயிண்ட் அடிச்சுக் குடுத்த நீல வண்டி ரோட்டோரம் கவுந்து கெடக்கு. அந்தப் பிள்ளைக்குக் கையில அடி."

எந்த நீல வண்டி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கழற்றி வைத்திருந்த கார்புரேட்டரை அப்படியே தட்டில் போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் என் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இது 1999 வாக்கில் நடந்தது. உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி நான் டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்திவந்தேன். இப்போது முழங்கால் வலியால் வேலையை விட்டாயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இன்ஜின் வேலையைச் சொல்லிக்கொடுக்க நூறு பேர் இருக்கிறார்கள். துருவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது மெக்கானிக் வேலை இல்லை, பெயிண்டர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன்.

நீல வண்டிக்காரியின் பெயர் ராசாத்தி. ஊர் தேவாரம். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். சின்னப் பிள்ளையில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. இரும்புக் காலிபர் மாட்டித்தான் நடப்பாள். தூத்துக்குடியிலிருந்து லாரியில் வரும் கல்லுப்பை எங்கள் ஊர் குடோனில் வாங்கி, ஸ்கூட்டரில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பாள். கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், வாரத்தில் ஒரு நாள் ஓடைப்பட்டி. வீடுகளுக்குப் படிக் கணக்கில் கொடுப்பாள். தென்னந்தோப்புக்காரர்களும் ஆட்டுத்தோல் வாங்கி உப்புப் போட்டு வைக்கிறவர்களும் மூட்டையாகக் கேட்பார்கள்.

வண்டி பழைய கியர் ஸ்கூட்டர். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள் வைத்துக் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் பொருத்தியது. காலை ஊன்றாமலே வண்டி நிற்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. முன்னால் கால் வைக்கும் இடத்தில் அரை மூட்டை, பின்னால் கேரியரில் ஒரு மூட்டை. எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்கும். பெரிய மழை இல்லை, நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும். சாரல் பட்டால் சாக்கு நனையும். சாக்கு நனைந்தால் உப்புத் தண்ணீர் வண்டியின் மேல் வடியும். வருடக் கணக்கில் வடிந்துகொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. தார் ரோட்டில் உப்பு பத்தடி தூரத்துக்குக் கொட்டியிருந்தது. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் இடைவெளியில் நின்றிருந்தது. அந்த டிரைவர் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ராசாத்தி வாய்க்கால் பாலத்துக் கட்டையில் வலது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பாய், அதை எடுத்துப் பாருங்க" என்றாள்.

இடது பக்கத்துச் சக்கரம் ஆங்கிளோடு பிய்ந்து தனியாகக் கிடந்தது. போல்ட் முறியவில்லை. போல்ட் பிடித்திருந்த தகரம்தான் கிழிந்து கூடவே வந்திருந்தது. மேலே என்னுடைய நீலப் பெயிண்ட். அதற்கடியில் ஓட்டை அடைக்க நான் தேய்த்த வெள்ளைப் பட்டி. அதற்கும் அடியில் சுட்ட அப்பளம் மாதிரிப் பழுப்புச் செதில். கையில் எடுத்ததும் உதிர்ந்தது.

"இதுல தகரம் எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

2. பார்த்தாச்சு

அதற்கு இரண்டு மாதம் முன்னால், பொங்கலுக்கு முந்தின வாரம், அந்த வண்டி என்னிடம் பெயிண்டுக்கு வந்தது. பொங்கல் நேரம் என்பதால் கடை முழுக்க வண்டி நின்றது. கால் வைக்கும் தளத்தில் ஆங்காங்கே சின்னச் சின்ன ஓட்டை. பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் ஸ்ப்ரே அடித்துவிட்டேன். பார்க்கிறவர்கள் புது வண்டி என்றார்கள்.

எடுக்க வந்த ராசாத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அடியில பார்த்தீகளா பாய்? சக்கரம் பிடிச்சிருக்கிற எடத்துல ஒரு கிரீச் சத்தம் கேக்குது."

"பார்த்தாச்சு தங்கச்சி. நீ தைரியமா ஓட்டு" என்றேன்.

நான் பார்க்கவில்லை. வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்தால் பெயிண்டில் கீறல் விழும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கவிழ்ந்ததில் ராசாத்திக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் தேவாரம் போனேன். அவளுடைய அண்ணன் கருப்பையா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உள்ள விடுண்ணே, எம்புட்டு நேரம் வெயில்ல நிப்பாக" என்று உள்ளேயிருந்து ராசாத்தி குரல் கொடுத்தாள்.

உட்கார்ந்தவுடன் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் அடியில பார்க்கல. பார்த்தேன்னு பொய் சொன்னேன்."

முதலில் பேசியது கருப்பையாதான். "அந்த பஸ்ஸு நிக்காம வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? பொய்யின்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டீக."

வண்டியை முழுக்கப் பிரித்து, எல்லாவற்றையும் சும்மாவே செய்து தருகிறேன் என்றேன்.

ராசாத்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "சும்மாச் செஞ்சா பாதி வேலைதான் செய்வீக. கூலி வாங்கிக்கிட்டு முழுசாச் செய்யுங்க. கை சேர ஆறு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லிருக்காக. அதுவரைக்கும் வண்டி உங்ககிட்டதான் நிக்கும். அவசரப்பட வேணாம்."

கருப்பையாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊருல வேற மெக்கானிக்கே இல்லையா?" என்றார்.

"இருக்காக. ஆனா பொய் சொன்னேன்னு வந்து சொன்னவுக இவுக ஒருத்தருதான்" என்றாள்.

3. நாக்கில் வைத்துப் பார்த்தது

வண்டியைப் பிரித்தேன். இன்ஜினை இறக்கி, டேங்க், ஹேண்டில்பார், கேபிள் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் பாடியை மல்லாக்கப் படுக்கப் போட்டேன். அந்த வண்டிக்குத் தனியாக ஃபிரேம் கிடையாது. தகர பாடிதான் ஃபிரேம். தளத்துக்கு அடியில் நீளவாக்கில் பெட்டி மாதிரி மூடிய ஒரு பாகம் போகும். வண்டியின் பலமே அதுதான். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன். பிடிவரை உள்ளே போனது. வெளியே எடுத்ததும் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது.

அழுகிய தளத்தை வெட்டி எடுத்து, கனமான புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தோம். மிச்சமிருந்த நல்ல பாகங்களை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்தேன். எல்லாம் முறைப்படி. பத்து நாள் கழித்துப் பார்த்தால், புதுத் தகரத்தில் பிரைமர் ஜோராக இருக்கிறது. பழைய பாகத்தில் மட்டும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது.

பிரைமர் மட்டம் என்று நினைத்து வேறு டப்பா வாங்கி அடித்தேன். மறுபடியும் அதே கொப்புளம். நகத்தால் ஒன்றைக் கிள்ளினேன். உள்ளே ஈரம். என்ன ஈரம் என்று தெரியவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

அப்போதுதான் விளங்கியது. இரும்பின் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கிறது. தேய்த்தால் துரு போகும், உப்பு போகாது. மண்ணெண்ணெயில் உப்பு கரையாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியிலேயே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான்.

இரும்பில் தண்ணீர் படவே கூடாது என்று நினைத்து வேலை செய்த நான், அதற்குப் பிறகு பழைய பாகத்துப் பிரைமரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தப் பாடியைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினேன். சுடுதண்ணீர் ஊற்றி, நார் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவி, ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து டீக்கடைக்காரர், "பாய், பசிச்சா சொல்லுங்க, ஒரு பன்னு தாரேன்" என்றார். நாலாவது கழுவலில்தான் கரிப்பு போனது. அன்று வெயிலிலேயே நன்றாகக் காயவிட்டு, இரும்பு சூடாக இருக்கும்போதே பிரைமர் அடித்தேன். கொப்புளம் வரவில்லை.

பெட்டிப் பாகத்தின் ஆகத் தாழ்வான இடத்தில், உள்ளே போகும் தண்ணீர் வெளியே வருவதற்கு இரண்டு ஓட்டை போட்டேன். அதன் வழியாகவே கெட்டியான ஆயிலை ஸ்ப்ரே கன்னில் உள்ளே அடித்தேன். பக்கச் சக்கரத்து ஆங்கிளைத் தகரத்தோடு மட்டும் நிறுத்தாமல், மேலும் கீழும் கனமான பிளேட் கொடுத்து போல்ட்டை முறுக்கினேன். கடைசியில்தான் நீலப் பெயிண்ட்.

வண்டி எடுக்க வந்த அன்று ராசாத்தி எதுவும் கேட்கவில்லை. நானே வண்டியைச் சாய்த்துக் காட்டினேன். அவள் ரோட்டிலேயே உட்கார்ந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

4. மேட்

இங்கே நான் இன்னொரு தவறு செய்தேன். உப்புத் தண்ணீர் தளத்தில் படக் கூடாது என்று கெட்டியான ரப்பர் மேட் வாங்கி, பசை போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தேன். எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அந்த வருடச் சாரல் முடிந்து அவள் சர்வீஸுக்கு வந்தாள். "மேட்டைத் தூக்குங்க பாய்" என்றாள்.

"அது நல்லாத்தானே இருக்கு?"

"மேட்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாருங்க."

ஓரத்தில் பசை விட்டு, உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கியிருந்தது. மேலே வெயிலடித்தாலும் அது காயாது. மேட் போடாமல் இருந்திருந்தால் காற்றிலாவது காய்ந்திருக்கும். நல்ல வேளை, பிரைமர் தாங்கியிருந்தது. தகரத்துக்கு இன்னும் சேதமில்லை.

"மூடி வச்சா மறைக்கத்தான் செய்யும்" என்றாள். "தண்ணி வாரதத் தடுக்க முடியாது பாய். வந்த தண்ணி போறதுக்கு வழி பண்ணுங்க."

அதற்கான வழியையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி, தொட்டி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். உப்பு மூட்டை அதற்குள் உட்காரும். தொட்டியின் அடியில் நான் ஒரு நிப்பிள் வைத்து, டியூப் மாட்டி, சக்கரத்திலும் சைலன்ஸரிலும் படாமல் ரோட்டில் விழும்படி இறக்கினேன். தொட்டி தளத்தைத் தொடாமல் இருக்க நாலு மூலையிலும் ரப்பர் புஷ். கேரியரிலும் அதே மாதிரி ஒன்று. தொட்டிக்கு அடியில் கையை விட்டால் காற்று வர வேண்டும். அதுதான் அளவு.

பின் பிரேக் கேபிளுக்கு மாதம் ஒருமுறை ஆயில் விடவும், தினமும் வண்டியை நிறுத்தியதும் அடிப்பக்கத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றவும் சொன்னேன். ஒரு நாள் தவறாமல் செய்தாள்.

5. செம்பு நிறம்

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் சர்வீஸில் வண்டியைச் சாய்த்தபோது திகைத்துப்போனேன். ஆங்கிளில் பெயிண்ட் உரசிப்போன இடமெல்லாம் செம்பு மாதிரி மினுங்கியது. துரு இல்லை. துரு மங்கலாக இருக்கும். இது அசல் செம்புப் பாத்திரத்தின் நிறம். துணியால் துடைத்தேன். கீழே இரும்பு சொரசொரவென்று அரித்திருந்தது.

"தங்கச்சி, வண்டியில எதுவும் பூசினியா?"

"ஒண்ணும் பூசலயே."

"தண்ணி எங்கன ஊத்துற?"

"வீட்டுலதான். ஓடைப்பட்டிக்குப் போற அன்னைக்கு மட்டும் அங்கன தங்கவேல் அண்ணன் தோட்டத்துல. கேன்ல தண்ணி நெறச்சு, ஸ்ப்ரேயரால சந்துபொந்தெல்லாம் அடிச்சு விடுவாக. நம்ம குடத்துல ஊத்துறதவிடச் சுத்தமா இருக்கும்."

தங்கவேல் ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருந்தவர். திராட்சையில் பூஞ்சை வராமல் இருக்க, செம்பு சேர்ந்த நீல உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். அந்த மருந்துக் கேனில்தான் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்.

உரக்கடையில் ஒரு கைப்பிடி மயில்துத்தம் வாங்கி வந்து, பழைய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு புது ஆணியைப் போட்டேன். ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டீ குடித்து முடிப்பதற்குள் ஆணி செம்பு நிறமானது. சாயங்காலம் அந்த ஆணியைத் தேய்த்துக் காட்டினேன். மெலிந்துபோயிருந்தது.

"நல்லது செய்யறேன்னு வண்டியத் தின்னு வச்சிருக்காகளே!" என்றவள் அந்த ஆணியைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் தங்கவேலே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். ஓடைப்பட்டியிலிருந்து தன் மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கேன நல்லாக் கழுவிட்டுத்தான் பாய் அடிச்சேன். சத்தியமா."

"கழுவியிருப்பீக. அடியில தங்குன துளி போதும். அதோட உப்பும் சேந்துக்கிருச்சு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு மொபெட்டின் கேரியரைக் காட்டினார். மருந்துக் கேன் வைக்கும் இடத்தில் கம்பி பென்சில் முனை மாதிரித் தேய்ந்திருந்தது. "நான் இத்தனை வருசமா இந்த வண்டியோட கம்பெனிக்காரனத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவருடைய கேரியரை மாற்றிக் கொடுத்தேன். ராசாத்தியின் வண்டிக்கு அவர் அதன் பிறகு மோட்டார் ரூம் குழாயிலிருந்து நேராக ஓஸ் பிடித்து நல்ல தண்ணீர் விட்டார். ஆங்கிளை நான் கழற்றி, கழுவி, தேய்த்து, முதலிலிருந்து பிரைமர் அடித்தேன். கருப்பையாவும் அந்த முறை கூட வந்திருந்தார். வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். போகும்போது, "பாய், வாரேன்" என்றார். அதுவரை அவர் என்னிடம் விடைபெற்றுக்கொண்டு போனதில்லை.

6. புது வண்டி

2009 வாக்கில் ராசாத்தி கியர் இல்லாத புது ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். தோள்பட்டை வலிக்கிறது, கியர் மாற்ற முடியவில்லை என்றாள். பழைய நீல வண்டியைப் பண்ணைப்புரத்தில் தையல் கடை வைத்திருந்த செல்வி என்ற பெண் கேட்டிருந்தாள். அவளுக்கும் காலில் போலியோ.

கொடுப்பதற்கு முன்னால் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். சாய்த்துப் போட்டு, சின்னச் சுத்தியலால் பெட்டிப் பாகத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தட்டினேன். துரு தின்ற தகரத்தில் வரும் பொத்தென்ற சத்தம் எங்கும் வரவில்லை. திரும்பப் பூட்டிய பிறகும் பத்து வருடம் உப்புச் சுமந்த வண்டி அது. செல்வி என் கையிலிருந்து சுத்தியலை வாங்கித் தானும் தட்டிப் பார்த்தாள். ராசாத்திதான் தட்டச் சொல்லியிருந்தாள். "அவுக சொன்னாகன்னு எடுக்காத. நீயே தட்டிப் பாரு."

அந்த வண்டி செல்வியோடு போனது. இரண்டு நாள் கழித்து ராசாத்தி புது வண்டியில் வந்தாள். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பக்கச் சக்கரத்துக்கான ஆங்கிள்களைக் கருப்பையா ஆட்டோவில் கொண்டுவந்தார்.

"சக்கரம் மட்டும் மாட்டணுமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல பிரிங்க. இன்னும் ஒரு மூட்டைகூட ஏத்தல. உப்பு படுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சுருவோம்."

புது வண்டியைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. தளத்து பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். அடியில் பைப் ஃபிரேம் கறுப்பாகப் பளபளத்தது. வெல்டிங் இணைப்புகளில் மட்டும் பெயிண்ட் மெல்லிசாக இருந்தது. அந்த இடங்களுக்கு இரண்டு கோட்டிங் கொடுத்தேன். ஆங்கிள்களைப் பொருத்துவதற்கு முன்பே உள்புறம், வெளிப்புறம், போல்ட் ஓட்டையின் விளிம்பு என்று எல்லாவற்றுக்கும் பிரைமர் அடித்துக் காயவைத்தேன். போல்ட்டுகளுக்கு கிரீஸ், கேபிள்களுக்கு ஆயில். தொட்டிக்குப் புது டிரம் வெட்டினோம். இரண்டு நாள் வேலை. ராசாத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆங்கிள்களுக்கு உப்புத்தாள் போட்டாள்.

ரோட்டில் போன ஒருவர் நின்று, "புது வண்டிய எதுக்கு இப்படிக் கொத்திப் போட்டிருக்கீக?" என்று கேட்டார்.

"புதுசாவே இருக்கட்டும்னுதான்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். துருப்பிடித்த பிறகு செய்யும் வேலை எல்லாருக்கும் தெரியும், நமக்குப் பெயரும் கிடைக்கும். துருப்பிடிக்காமல் இருக்கச் செய்யும் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. பத்து வருடம் எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் பலன். பெயிண்டைக் கடைசியில் அடியுங்கள். அதற்கு முன்னால் கழுவுங்கள். தண்ணீர் வெளியே போக வழி விடுங்கள். வாடிக்கையாளர் ஒரு சத்தம் கேட்கிறது என்று சொன்னால், வண்டியைச் சாய்த்து, குனிந்து, உங்கள் கண்ணால் பாருங்கள். பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள்.

புது வண்டி வேலை முடிந்து வந்த திங்கட்கிழமை சாரல் பிடித்திருந்தது. ராசாத்தி குடோனில் முதல் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பைக் கடந்து போனாள். ஹாரன் அடித்தாள். தொட்டியின் டியூப் வழியாக உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்துகொண்டே போனது.